பாடத்தில் பெய்த மழை

ஆகஸ்ட் 4, 1955, வியாழன். இன்று மாலை வகுப்பில் பாண்டியம்மாளைப் பிரம்பால் அடித்தேன். அவள் சொன்ன விடை சரி.

அதற்கு மேல் நாட்குறிப்பில் எழுத நாகநாதனுக்கு ஓடவில்லை. பகலெல்லாம் மீன் காயவைக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் நடத்துகிறவன் அவன். "நமக்கு மழைக்காலம் எது?" என்று கேட்டிருந்தான். புத்தகத்தில் ஆனி, ஆடி என்று இருந்தது. எந்த ஊர் மழையைப் பார்த்து எழுதினார்களோ. பாண்டியம்மாள் ஐப்பசி என்றாள். மறுபடி கேட்டபோதும் ஐப்பசி. பிடிவாதம் என்று நினைத்துக் கையை நீட்டச் சொன்னான். உச்சிப்புளியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, ஆடிக்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது, தூறல் பார்த்தே மாதக்கணக்காயிற்று என்று.

மறுநாள் வகுப்புக்குப் போகும் வழியில் அவளுடைய அய்யா மூக்கையா எதிரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நின்றான்.

"பிள்ளை கையப் பாத்தேன் வாத்தியாரய்யா. இப்பத்தான் மனசு ஆறுச்சு."

"அண்ணே, அது..."

"மூணு மாசமா ஒரு அடி கிடையாது. பள்ளிக்கூடமா, கதை பேசுற எடமா? நிப்பாட்டிருவமான்னு வீட்டுல பேசிக்கிட்டு இருந்தோம்."

"அவ சரியாத்தான் சொன்னா அண்ணே. தப்பு என்னுது."

மூக்கையா சிரித்தார். "சரியாச் சொன்னதுக்கே இந்த அடின்னா, இனிமே தப்பாச் சொல்லிருவாளா? நீங்க அடிங்க."

அடிக்காவிட்டால் பெண்ணை நிறுத்திவிடுவார். யாரிடம் போய்க் கோபப்படுவது? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதேதான், கொஞ்சம் நல்ல தமிழில்.

வகுப்பு நடக்கும் கொட்டகைக்குள் நுழையும்போது ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஏலே, ஐப்பசின்னு சொல்லிராத. கை போயிரும்."

நாகநாதன் அதே கேள்வியைக் கேட்டான். பாண்டியம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"ஆனி, ஆடி சார்."

"இது ஆடிதான. மழை பாத்தியா?"

"இல்ல சார்."

"பெறகு?"

"அது வெளிய சார். இங்கன பெய்யும்னு சொல்லணும்ல."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நேத்து நீ சொன்னதுதான் சரி. ஐப்பசிதான்" என்றான் நாகநாதன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்படியென்றால் இன்று சொன்னது தப்பு. வலது கை இன்னும் வீங்கியிருந்ததால் இடது கையை நீட்டினாள்.

அன்றிரவு எழுதினான். நாளை, சனி: மழைப் பாடம் மறுபடியும். வெளியே, மணலில். புத்தகமும் பிரம்பும் எடுத்துப் போகக் கூடாது. மூக்கையா அந்த வழியாக வந்தால் அவரையும் உட்காரச் சொல்ல வேண்டும்.