சிவக்காத வரிசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த விதியை எழுதியது நான். வேறு யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

எங்கள் மாவட்டக் காசநோய்ப் பிரிவில் நாற்பத்திரண்டு நோயாளிகள். காசநோய் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. தினமும் ஊர் மருத்துவ நிலையத்துக்கு வந்து நர்ஸ் கண்முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினால் அன்றைய கட்டத்தில் ஒரு கூட்டல் குறி. வராவிட்டால் Н. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்தே எங்களுக்குப் பழகிய எழுத்து அது. 'இல்லை' என்பதற்கான ரஷ்யச் சொல்லின் முதல் எழுத்து, 'ந' என்று ஒலிக்கும். பார்க்க ஒற்றைப் படி வைத்த ஏணி மாதிரி இருக்கும்.

நான் வேலைக்கு வந்தபோது இதெல்லாம் காகிதத்தில் இருந்தது. மாதம் முடிந்து நோட்டுப் புத்தகம் மேசைக்கு வரும்போதுதான் யார் மருந்தை விட்டார்கள் என்றே தெரியும். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் குடும்பத்தில் எட்டாவது தாண்டியவள் நான் ஒருத்திதான். தலைநகர் பிஷ்கேக்கில் நான்கு வருடம் ஆறு பேர் தங்கிய விடுதி அறையில் கிடந்து புள்ளியியல் படித்தேன். திரும்பி வந்தால் என்னை 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்று கூப்பிட்டு பிரிண்டரில் காகிதம் போடச் சொன்னார்கள்.

ஊர் நர்ஸுகள் எல்லோரும் தங்கள் தாளை இணையத்தில் நிரப்பும்படி செய்தேன். எல்லாம் என் தாளில் வந்து சேரும். அதில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது தானாக நிறம் மாற்றும் விதி ஒன்று போட்டேன். ஒரே வரிசையில் மூன்று நாள் தொடர்ந்து Н வந்தால் அந்த ஆளின் பெயர் ரத்தச் சிவப்பாகும். உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கத்துவேன். குளிர்காலத்தில் இப்படிப் பதினோரு பேரைத் திரும்ப இழுத்து வந்தேன். அவர்களில் ஒருத்தி தாஷ்-கெச்சூ ஊர் ஜிபார்குல். அவளுடைய மாமியார் குமுஷ் அபாவிடம் ஜனவரியில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மறுநாளே மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மருந்துக்கு உட்கார வைத்தார்.

தலைமை மருத்துவர் ரயிம்பெக் பைகே, அதாவது ரயிம்பெக் அண்ணன், என் தாளைத் திரையில் போட்டுக் கூட்டத்தில் காட்டினார்.

"பாத்தீங்களா? இனிமே நோட்டெல்லாம் புரட்ட வேணாம். சிவப்ப மட்டும் பாருங்க, போதும்."

நானும் அதைத்தான் செய்தேன். சிவப்பை மட்டும் பார்த்தேன்.

ஜூன் பத்தாம் தேதி தாஷ்-கெச்சூ நர்ஸ் சோனுன்பூபூ எஜே, சோனுன்பூபூ அக்கா, போன் செய்தார். பின்னால் காற்று இரைந்தது.

"பெகாயிம், ஜிபார் விஷயமா..."

"எஜே, தாள்ல போட்டீங்களா?"

"போட்டேன்ம்மா. ஆனா என்னன்னா..."

"போட்டா முடிஞ்சுது எஜே. சிவப்பாச்சுன்னா நானே கூப்பிடுவேன். ஆகலன்னா பிரச்சினை இல்லன்னு அர்த்தம். நாப்பத்திரண்டு பேருக்கும் கதை கேட்டுட்டிருந்தா நான் எப்ப வேலை பாக்கிறது?"

"சரிம்மா, சரி," என்றார். வைத்துவிட்டார். மறுநாளும் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

ஜூன் இருபத்தேழாம் தேதி அடுத்த மாதத்துக்கு மருந்து கேட்கும் சீட்டுகள் வந்தன. எஜேயின் சீட்டில் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'ஜிபார்குலுக்கு வேண்டாம். இந்த மாதத்துடையதே மீதி இருக்கிறது.'

மீதியா? ஜிபாரின் வரிசையைத் திறந்தேன். பெயர் வெள்ளையாக இருந்தது. ஆனால் எட்டாம் தேதியிலிருந்து நேற்று வரை கட்டத்துக்குக் கட்டம் ஏணி, ஏணி, ஏணி. பத்தொன்பது. ஒவ்வொரு காலையும் திறக்கும் தாளில் இருபத்தெட்டாவது வரி. சிவக்காததால் என் கண் அதன்மேல் ஏறிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

விதியைத் திறந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் அந்த ஏணியை அழித்து நானே Н என்று அடித்தேன். பக்கத்திலும், அதற்குப் பக்கத்திலும். மூன்றாவதை அடித்ததும் பெயர் சிவந்தது.

அப்போது புரிந்தது. எஜே அடித்தது எங்கள் எழுத்து இல்லை, ஆங்கில H. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. உலகத்தில் எந்த மனிதக் கண்ணும் அதை 'வரவில்லை' என்றுதான் படிக்கும். கணினிக்கு மட்டும் அது வேறு ஏதோ.

நேராக ரயிம்பெக் பைகே அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு மூளை இருக்கா? எந்த மொழில அடிக்கிறோம்னுகூடத் தெரியாம..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கத்துறத வண்டில போயிட்டே கத்து. அந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது நாள் மருந்து இல்ல. இன்னும் விட்டா இந்த மாத்திரை அவளுக்குக் கேக்காமலே போயிடும். அப்புறம் ரெண்டு வருஷ வைத்தியம், தாங்குவாளோ மாட்டாளோ. கிளம்பு."

மருத்துவ வண்டியில் இரண்டு மணி நேரம். வழி நெடுக எஜேயிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் நிலைய வாசலில் நின்றிருந்தார். வெள்ளை அங்கி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கையில் மருந்துப் பெட்டி. ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்.

"வந்துட்டியா," என்றார். கேள்வி மாதிரியே இல்லை.

"எஜே, ஏன் இங்கிலீஷ்ல அடிச்சீங்க?"

"என்னது?"

உள்ளே கூட்டிப்போய்ப் பழைய மடிக்கணினியைக் காட்டினார். எங்கள் Н இருக்க வேண்டிய இடத்தில் விசை இல்லை. குழி மட்டும் இருந்தது.

"மே கடைசில உடைஞ்சு போச்சு. மாத்தித் தரச் சொல்லி உங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்தேன். பதில் வரல. மொழிய மாத்தினா அதே மாதிரி எழுத்து இன்னொரு விசைல கிடைச்சுது. ஒரே எழுத்துதானேம்மா?"

நான் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"மாமியாக்காரி விடியக் காலைல அவளக் குதிரைல ஏத்தி மேய்ச்சல் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. எனக்கே மத்தியானந்தான் தெரியும். மூணாம் நாளே உனக்குப் போன் பண்ணேன். சிவப்பானா நானே கூப்பிடுவேன்னு நீதான சொன்ன? என் பக்கம் நிறமெல்லாம் தெரியாது. தினமும் எட்டு மணிக்கு எழுதுவேன். எழுதிட்டு ரோட்டப் பாப்பேன். இன்னிக்கு வண்டி வரும், இன்னிக்கு வரும்னு."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

"பத்தொன்பது நாளா?" என்றேன்.

"இங்க இருக்கிறது நான் ஒருத்தி. இன்னும் ரெண்டு பேருக்கு தினமும் மருந்து குடுக்கணும், ஊசி போடணும். விட்டுட்டு ரெண்டு நாள் மலை ஏற முடியாது. ஏறு வண்டில. பேசினா நேரம் போகும்."

வண்டி ஏறக்கூடிய இடம் வரை ஏறி, மிச்சத்தை நடந்தோம். எஜேக்கு மூச்சு வாங்கியது. பெட்டியை வாங்கப் போனால், "இது என் பெட்டி" என்று தரவில்லை.

ஜிபார் ஒரு பெண்குதிரைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கால் மடித்து உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. கணவன் மாஸ்கோவில் கட்டட வேலை. எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்து எழுந்தாள். எழுந்ததும் இருமினாள். போனில் கேட்டுப் பழகிய அந்த இருமல் எனக்குத் தெரியும். மே மாதம் அது நின்றுபோயிருந்தது.

குமுஷ் அபா கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். நான் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தேன்.

"இவளக் கொல்லணும்னே கூட்டிட்டு வந்தீங்களா? மருமகள்னா பால் கறக்கிற மெஷினா?"

"யாருடி நீ? ஓ, போன்ல கத்துறவளா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன ஒல்லியா இருக்க. குரல வெச்சு நெனச்சேன், மாடு மாதிரி இருப்பன்னு."

எஜே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அபா, மருந்து முடியல. இன்னும் மூணு மாசம் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? குளிர்காலத்துல மூணு நாள் போகலன்னதும் நாலாம் நாள் காலைல போன் பண்ணி என் செத்துப்போன அப்பன் வரைக்கும் இழுத்த. இந்தத் தடவ நாலு நாள் பாத்தேன். போன் வரல. தினமும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் நின்னு பாத்தேன். பத்து நாள் ஆச்சு. சரி, ஆபீஸ்லயே விட்டுட்டாங்க, அப்ப குணமாயிடுச்சுன்னு நெனச்சேன். புளிச்ச குதிரைப்பால் குமிஸும் குடிக்கிறா, நெஞ்சுக்கு நல்லது. இது தப்பா?"

ஜிபார் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "இருமல் வந்தப்ப நான் கேட்டேன், எஜே. ஆபீஸ்ல கூப்பிடலயேன்னாங்க. நான் நெனச்சேன், என் பேர எடுத்துட்டாங்க போலன்னு."

பெயரை எடுக்கவில்லை. பெயர் அங்கேதான் இருந்தது, இருபத்தெட்டாவது வரியில், வெள்ளையாக. அது சிவந்திருக்கும் என்று நம்பி நர்ஸ் காத்திருந்தார். மாமியார் போன் வராததை நம்பிக் குணமாகிவிட்டது என்றார். ஜிபார் அதை நம்பித் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்த வெள்ளை நான் செய்தது.

"உன் பேர எடுக்கல, ஜிபார். தப்பு என்னோடது. எஜே தினமும் எழுதினாங்க. நான் பாக்கல."

குமுஷ் அபா உள்ளே போய் ஒரு கிண்ணம் குமிஸ் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "குடி. உனக்கும் நெஞ்சு சரியில்ல போல."

எஜே மாத்திரைகளை எண்ணி ஜிபாரின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். சளி மாதிரிக்குக் குப்பியும் வாங்கிக்கொண்டோம். ஆகஸ்ட் வரை கீழே இறங்க முடியாது, பால் கறக்க வேறு ஆள் இல்லை என்று அபா அடம்பிடித்தார். எஜே அதைவிட அடம்பிடித்தார். கடைசியில் முடிவானது: தினமும் காலை எட்டு மணிக்கு அபாவே மருமகளை சிக்னல் மேட்டுக்குக் கூட்டிவர வேண்டும், எஜேக்கு வீடியோவில் கூப்பிட வேண்டும், ஜிபார் எஜே பார்க்க விழுங்க வேண்டும்.

"ஒரு நாள் விட்டா?" என்றார் அபா.

"இந்த ஒல்லிப் பொண்ணு மறுபடி கத்துவா," என்றார் எஜே.

மறுநாள் அலுவலகத்தில் பழைய விதியை அழித்தேன். அதில் H-ஐயும் சேர்த்தால் போதும் என்று ரயிம்பெக் பைகே சொன்னார். போதாது. நாளைக்கு ஒருத்தர் புள்ளி வைப்பார், ஒருத்தர் கோடு போடுவார், இன்னொருத்தர் கணினி கெட்டு ஒன்றுமே எழுதமாட்டார். 'வரவில்லை' என்பதைத் தேடும் விதி, யாராவது 'வரவில்லை' என்று சரியாகச் சொன்னால்தான் வேலை செய்யும். அதனால் தலைகீழாக எழுதினேன்: காலை பத்து மணிக்குள் கூட்டல் குறி இல்லாத கட்டம் எதுவானாலும் சிவப்பு. காலியானாலும் சிவப்பு. விழுங்கினாள் என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் வெள்ளை.

தாள் முழுக்கச் சிவந்துபோனது; காலியாகவும் கோடாகவும் கிடந்த கட்டங்கள் அத்தனை இருந்தன. பைகே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஆடு அறுத்த இடம் மாதிரி இருக்கு? கூட்டத்துல எப்படிக் காட்டுறது?" என்றார்.

"காட்டாதீங்க பைகே. நான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்றேன்."

"நாப்பத்திரண்டு பேருக்குமா?"

"நாப்பத்திரண்டு பேருக்கும். அப்புறம் தாஷ்-கெச்சூவுக்கு ஒரு கீபோர்டு வேணும். இன்னிக்கே. அவங்க எழுதின கடிதம் உங்க டிராயர்ல இருக்கு, பாத்துட்டேன்."

அவர் டிராயரைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஜிபாரின் சளி மாதிரியில் முதல் பார்வைக்குக் கிருமி தெரியவில்லை. வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. விட்ட நாட்களுக்குச் சேர்த்து வைத்தியம் நீண்டுவிட்டது. அவளுடைய வரிசையில் அந்தப் பத்தொன்பது கட்டங்களும் சிவப்பாகவே இருக்கின்றன. மாதக் கூட்டத்துக்கு முன் அவற்றை மறைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

இன்று காலை எட்டு பத்துக்குப் போன் அடித்தது. சோனுன்பூபூ எஜே. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"பெகாயிம், தாள்ல இன்னும் போடல, நெட் இல்ல. ஆனா விழுங்கிட்டா. நான் பாத்தேன். அப்புறம் அந்த மாமியாக்காரி..."

"சொல்லுங்க எஜே," என்றேன். "முழுசா சொல்லுங்க."