ஒருத்திக்கான அளவு

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் திரைக்காரம்மா. கீழ்த்தளத்துக் கடையில் ஜன்னல் திரை தைப்பாள். குடியிருப்பது மூன்றாவது மாடி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளும் மகனும் ஆளுக்கொரு ஊர்.

விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறதென்று ஸ்கேன் எடுத்தாள். கல்லீரலில் கொழுப்பு. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு ஆயுர்வேத வைத்தியரிடமும் போனாள். வைத்தியர் அவளுடைய மகள் வயதுப் பெண். நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்ல. எனக்கு எப்படி இந்த வியாதி?"

"குடிக்காதவங்களுக்கும் வரும்மா. ராத்திரி நேரங்கழிச்சு சாப்பிடுவீங்களோ?"

"கடைய மூடிட்டுத்தானே சமைக்கணும்."

"எவ்வளவு சாப்பிடுவீங்க?"

திரைக்காரம்மா கைப்பையின் வாரை முறுக்கினாள். "கை இன்னும் நாலு பேருக்குத்தான் அளக்குது. கொட்ட மனசு வராது. நானே உக்காந்து தின்னு தீர்த்துடுவேன்."

வைத்தியர் சிரிக்கவில்லை. "கஷாயம் தர்றேன். குடிக்கிறத டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. ஆனா கஷாயம் பாதிதான். இருட்டுறதுக்குள்ள சாப்பிடுங்க, இனிப்பு வேண்டாம், தினமும் நடங்க. ஒரு ஆளுக்கு மட்டும் சமைங்க."

கஷாயத்தின் கசப்பு ஒரு பொருட்டாகவே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று விழுங்கினாள். அரிசி அளப்பதுதான் பெரும்பாடு. மகனுக்கொரு பிடி, மகளுக்கொரு பிடி என்று கை தானாகப் போட்டது. அதை அள்ளித் திரும்ப டப்பாவில் போடும்போது, பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது.

சாப்பிட்டபின் தெருத்தெருவாக நடந்தாள். அவள் தைத்த திரைகளுக்குப் பின்னால் விளக்கெரிந்தது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

மகன் போனில் கேட்டான்: "கஷாயமெல்லாம் குடிக்க முடியுதாம்மா?"

"அத குடிச்சிடலாம்டா. ஒருத்திக்குன்னு சமைக்கிறதுதான் முடியல."

அவன் மூச்சுவிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. "லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. புடவை தளர்ந்தது. வாராவாரம் வைத்தியர் முன்னால் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். புது ஸ்கேனில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது.

"கஷாயத்த நிறுத்திடலாம்மா. சாப்பாட்டையும் நடையையும் மட்டும் விட்டுடாதீங்க."

"அப்ப அடுத்த வாரம்?"

"வர வேண்டாம்மா. அதான் நல்லாயிட்டீங்களே!"

திரைக்காரம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை. "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டுமா?"

வைத்தியர் வெளியே காத்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, வாங்களேன்" என்றாள்.

பேச்சுக்குச் சொன்னதுதான் என்று திரைக்காரம்மாவுக்குத் தெரியாமலில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து, இருட்டுவதற்குள் சமைக்க வேண்டுமே என்று வேகமாக நடந்தாள்.