வெள்ளைச் சட்டை

நெற்றி வரும்வரை ஒரு சந்தேகமும் இல்லை. கண்கள் பாதி வந்ததும் ஜெசி, "நிறுத்துங்கண்ணா" என்றாள்.

தமிழ்மணி பட்டனை அமுக்கினார். பத்தடி அகல பிரிண்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. ஃப்ளெக்ஸில் அப்பாவின் கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. நெற்றியிலும் லேசாக மஞ்சள் அடித்தது. அது கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"மெஜந்தா இங்க் அடைச்சிக்கிச்சா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் இருக்கும். மெஜந்தா கொறஞ்சா மூஞ்சி மஞ்சளடிக்கும். இரு, பாக்கறேன்."

மணி பதினொன்று ஆகியிருந்தது. விடியற்காலை நாலரைக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவள் அப்பா தொம்மை இறந்தார். எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் திண்டிவனத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மாலை நாலு மணிக்கு மாதா கோயிலில் பூசை, பிறகு அடக்கம். அதற்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறியாக வேண்டும். ஃப்ளெக்ஸ் இல்லாத சாவை இந்த ஊரில் இப்போதெல்லாம் யாரும் லேசில் நம்புவதில்லை.

ஜெசிக்கு இந்தக் கடையில் ஒன்பதாவது வருடம். டிசைன் அவள் வேலை, பிரிண்ட் முதலாளி தமிழ்மணியின் வேலை. இந்த ஒன்பது வருடத்தில் ஊரில் செத்தவர்களில் பாதிப் பேரைச் சிவப்பாக்கி, பருவை எடுத்து, கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை அழித்து அனுப்பிவைத்தவள் அவள்தான். கறுத்த மனிதன் கறுத்த மனிதனாக எந்த ஃப்ளெக்ஸிலும் ஏறியதில்லை. காலையில் அண்ணன் அருண், "இன்னிக்கு நீ எதுக்குப் போற, வேற கடையில குடுத்துடலாம்" என்றபோது, "அப்பா மூஞ்சில வேற யாரும் கை வெக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அது பாதி உண்மைதான். அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை அவளால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை என்பது மீதிப் பாதி.

அம்மா செபஸ்தியம்மாள் கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தாள். "கூடவே இருந்தனே. மூணு வேளையும் எதுக்க உக்காந்து சோறு போட்டனே. கண்ணு மஞ்சளானது எனக்குத் தெரியலையே." ஜூன் மாதம் டாக்டர் கேட்ட நாளிலிருந்து இதே பேச்சுதான். பித்தக்குழாயில் கட்டி என்று சொல்லிவிட்டு டாக்டர் ஃபைலை மூடினார். "கண்ணு மஞ்சளாகி ரெண்டு மாசமாவது ஆயிருக்கும். அப்பவே வந்திருந்தா ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும். வீட்ல ஒருத்தர் கூடவா பாக்கல?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிதான் பதில் சொன்னாள். "இல்லீங்க டாக்டர். யாரும் பாக்கலீங்க."

அதற்குப் பிறகு அம்மா பாதி உடம்பாகிவிட்டாள். ராத்திரி தூங்குகிற அப்பாவின் இமையை விரலால் தூக்கிப் பார்த்து அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இங்க் வருகிற துளை எதுவும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, தமிழ்மணி நாசில் செக் போட்டார். நாலு நிறத்திலும் மெல்லிய கோடுகள் வந்தன. கருப்பு, சயான், மெஜந்தா மூன்றிலும் ஒரு கோடு கூட விட்டுப்போகவில்லை. மஞ்சள் கோடு வெள்ளை ஃப்ளெக்ஸில் லேசில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று அவர் ஒரு நீல செல்லோபேன் தாளை மேசை டிராயரில் வைத்திருந்தார். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

"மஞ்சளும் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஒருவேள இங்க் அதிகமா இறங்குதோ இன்னாவோ. பைப்பப் பிடி."

ஜெசி பைப்பைப் பிடித்தாள். அவர் சிரிஞ்சால் இழுத்தார். பைப் நழுவி அவள் வலது கை விரல்கள் மூன்றிலும் மஞ்சள் இங்க் கொட்டியது. வேஸ்ட் துணியில் துடைத்தாள், போகவில்லை. சால்வென்ட் எடுக்க நேரமில்லை. ஃபோன் அடித்தது. அருண்.

"இன்னா ஜெசி, சவப்பெட்டி கூட வந்துடுச்சி, ஃப்ளெக்ஸ் இன்னும் வரல?"

"கலர் சரியா வரலண்ணா."

"கலரா? எழுத்து தெரிஞ்சா போதும், ஜல்தியா எட்தாந்து கட்டு. அம்மா ஒண்ணும் சாப்டல. நீ வந்தாத்தான் சாப்பிடும்."

"வர்றேன்" என்று வைத்தாள்.  

தமிழ்மணி ரோலைப் பார்த்தார். போன வாரம் வந்த புது ரோல். புது ரோலுக்குப் பழைய கலர் ப்ரொஃபைல் ஒத்துவராமல் போவதுண்டு. ப்ரொஃபைலை மாற்றினார். ஹீட்டர் சூட்டைப் பார்த்தார். பிறகு நேற்றுப் போன பிறந்தநாள் ஃப்ளெக்ஸிலிருந்து குழந்தையின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்தில் அப்பாவின் முழுப் படத்தையும் சின்னதாக வைத்து, ஓரத்தில் ஒரு சாம்பல் பட்டையும் சேர்த்து ஓட்டினார். மூன்றும் ஒரே மெஷின், ஒரே இங்க், ஒரே ரோல்.

இரண்டடித் துண்டு வெளியே வந்தது. குழந்தையின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. சாம்பல் பட்டை சாம்பலாகவே இருந்தது. அப்பா மஞ்சளாக இருந்தார்.

தமிழ்மணி துண்டை வெட்டி வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். வெகுநேரம் பார்த்தார். ஜெசி பின்னாலேயே வந்தாள். 

"இன்னாண்ணா?"

"சட்டையப் பாரு."

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை. ஃப்ளெக்ஸிலும் அது பளிச்சென்று வெள்ளையாக வந்திருந்தது. பின்னாலிருந்த சுவரும் வெள்ளையாக இருந்தது.

"மெஷின் மஞ்சளத் தள்ளுச்சின்னா சட்டையும் மஞ்சளாத்தான் வரும்" என்றார் தமிழ்மணி. "மெஷின்ல ஒண்ணும் இல்ல. போட்டோவுலயே இருக்கு."

ஜெசி கம்ப்யூட்டருக்குப் போனாள். படத்தைப் பெரிதாக்கினாள். கண் மட்டும் திரை முழுக்க வந்தது. கருவிழியைச் சுற்றி, பழுத்த எலுமிச்சம்பழத் தோல் நிறம்.  படம் எடுத்த தேதி மூலையில் இருந்தது. ஏப்ரல் பதினேழு.

அண்ணன் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஃப்ளெக்ஸ் போடுவதற்காக இந்தக் கடையின் வெளிச்சுவரில் அப்பாவைச் சாய்த்து அவளே தன் ஃபோனில் எடுத்த படம் அது. அன்றைக்கு அப்பா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிற வேலையை முடித்துவிட்டு, அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். படத்துக்காகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கும் கண் மஞ்சளாகத்தான் வந்தது. ஜெசி தமிழ்மணியோடு சண்டை போட்டாள். மெஷின் கழுவாமல் கிடக்கிறது, மலிவு இங்க் வாங்கி ஊற்றுகிறீர்கள் என்றெல்லாம் பேசினாள். அவர் பாவம், அரை நாள் ஹெட்டைக் கழுவினார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மூஞ்சியப் பாத்து மெஷினே பேஜாராயிடுச்சி போலக்குது" என்றார்.

"செத்த சும்மா இருப்பா" என்றாள் ஜெசி.

பிறகு பொறுமை போய், திரையிலேயே கண்ணைத் தேர்ந்தெடுத்து மஞ்சளைக் குறைத்தாள். முகத்திலும் இழுத்துக் குறைத்தாள். இரண்டு நிமிட வேலை. ஃப்ளெக்ஸ் அழகாக வந்தது. அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "அட, இவ்ளோ நல்லாவா இருக்கறேன்" என்று சிரித்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுதான் சிரித்தார். அவள் அப்போதும் ஃப்ளெக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

திருத்திய படம் அந்தப் பழைய ஃப்ளெக்ஸ் ஃபைலுக்குள்ளேயே இருந்துவிட்டது. இன்றைக்கு அவள் அவசரத்தில் திறந்தது ஃபோனிலிருந்து ஏற்றிய முதல் படம்.

"அன்னிக்கும் நாசில் செக் நல்லாத்தான் வந்துச்சி" என்றார் தமிழ்மணி மெதுவாக. "ஃபோன் கேமராவா இருக்கும்னு நானும் வுட்டுட்டேன். அவரு இங்கதான் உக்காந்துக்கினு இருந்தாரு."

 டாக்டரிடம் தான் சொன்ன பதில் ஜெசியின் காதில் திரும்பக் கேட்டது. அம்மா தலை குனிந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக அம்மா சுமந்துகொண்டிருக்கும் பழி அம்மாவுடையது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. 

ஃபோன் மறுபடி அடித்தது. அருண். அவள் எடுக்கவில்லை.

"மஞ்சளக் கொறச்சிடும்மா" என்றார் தமிழ்மணி. "மணி பன்னெண்டாவப் போவுது."

கை பழக்கத்தில் தானாகவே போனது. கண்ணைச் சுற்றிக் கோடு போட்டாள். மஞ்சளைக் கீழே இழுத்தாள். அப்பாவின் கண் வெளுத்தது. நோய் நொடி இல்லாத ஒரு மனிதர், ஏப்ரல் மாதத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். இதைக் கட்டினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அம்மா தன்னையே திட்டிக்கொண்டு மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவாள்.

ஜெசி மாற்றியதை மாற்றிப் பழையபடி ஆக்கினாள். கண் மறுபடி மஞ்சளானது.

"அப்படியே போடுங்கண்ணா."

"வீட்ல கேப்பாங்களேம்மா."

"போடுங்க."

அவர் ரோலை நேராக்கினார். "சரி. யாராவது கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லிடு. எம் மெஷினுக்குக் கெட்ட பேரு புதுசா இன்னா."

நாற்பது நிமிடம் பிரிண்டர் இங்கும் அங்கும் ஓடியது. ஜெசி அதன் முன்னாலேயே நின்றாள். நெற்றி, கண், மூக்கு, வெட்டாமல் விட்ட மீசை, வெள்ளைச் சட்டை. அதற்குக் கீழே 'ஆண்டவரில் துயில்கொண்டார்' என்ற எழுத்து. ஈரம் காய்ந்ததும் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் நிறைந்திருந்தன. அருண் ஃப்ளெக்ஸை வாங்கி, தெருமுனைக்குப் போவதற்கு முன் பந்தல் கம்பில் சாய்த்து விரித்தான். விரித்தவன் அப்படியே நின்றான்.

"கண்ணு ஏன் இப்படி வந்திருக்குது?"

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், "பிரிண்டு செரியில்ல போல" என்றாள். யாரோ, மழை ஈரத்துக்கு மெஷின் எல்லாம் அப்படித்தான் பண்ணும் என்றார். பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின் கோளாறா ஜெசி?" என்று அருண் கேட்டான். அப்படிச் சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவன் குரல்.

"மெஷின் சரியாத்தான் இருக்குதுண்ணா."  "இது ஏப்ரல்ல எடுத்த போட்டோ. பாப்பா புதுநன்மைக்கு எடுத்தது."

"அந்த ஃப்ளெக்ஸ்ல கண்ணு நல்லா இருந்துச்சே."

"நாந்தான் நல்லாக்கினேன்." அவள் அண்ணனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நான் பாத்தேம்மா. அப்பவே பாத்தேன். மெஷின் தப்புன்னு நெனச்சி அழிச்சிட்டேன். ஒனக்குத் தெரியாமப் போனது தப்பில்ல, எனக்குக் கண்ணுக்கு எதுக்கவே தெரிஞ்சிச்சி."

 அருண் ஃப்ளெக்ஸின் ஓரத்தை விட்டுவிட, அது தரையில் சரிந்து பாதி சுருண்டுகொண்டது. அவன் அதை எடுக்கக் குனியவில்லை. ஜெசியைப் பார்க்கவும் இல்லை. உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் மட்டும் கேட்டது.

அம்மா படியிறங்கி வந்தாள். சுருண்டதைக் காலால் தள்ளி விரித்து, குனிந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். "இந்தச் சட்டையத்தான் உள்ள அவருக்குப் போட்டு வுட்டுருக்கறேன்" என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று ஜெசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அம்மா நிமிர்ந்து ஜெசியின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று விரல்களிலும் மஞ்சள் காய்ந்திருந்தது.

"இத்தோடயா அப்பாவத் தொடப் போற?"

முந்தானையை எடுத்து எச்சில் தொட்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். விட்டுப்போன நகக்கண்ணை மறுபடி பிடித்துத் துடைத்தாள். சால்வென்ட் இல்லாமல் அது போகாது என்று ஜெசி சொல்லவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.