படியில் வந்து நிற்கும் சிரிப்பு

கோமாளியைப் பார்த்துச் சிரித்த நோயாளி எவரும் அந்த ஆஸ்பத்திரியில் சாகவில்லை. பிழைத்து வீட்டுக்குப் போனபின் எவரும் மறுபடி சிரிக்கவுமில்லை. மருந்தின் பக்கவிளைவைப் போலத்தான் டாக்டர்கள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு மூக்கும் காலுக்குப் பெரிய பூட்ஸுமாகக் கோமாளி வார்டுக்குள் வந்து, ஒரு நாற்காலியில் உட்காரப் பார்த்து, முடியாமல் தவிப்பான். அவ்வளவுதான் வித்தை. மூச்சுத் திணறிக் கிடந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு நடக்கையில் அத்தனை பேர் சிரிப்பும் பின்னாலேயே கும்பலாகப் போகும். ஆள் இருக்காது, சத்தம் மட்டும். கடைக்காரர்கள் பேரத்தை நிறுத்திவிட்டு அது கடந்து போகக் காத்திருப்பார்கள். வழிபாட்டு மண்டபத்துப் பெரியவர் ஒருமுறை அவனை மறித்து, சிரிப்பு ஆத்மாவின் பங்கு, அதை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார். "நான் எங்கங்க கொண்டுபோறேன்? அதுவா வருது. திரும்பிப் பாக்கவே எனக்குப் பயமா இருக்கு," என்றான் கோமாளி.

வார்டு நர்ஸுக்கு இதற்கு மேலும் தெரியும். தன் சிரிப்பு வாசலுக்கு வந்துவிட்டதென்று ஆசையாகக் கதவைத் திறந்த பழைய நோயாளியான ஒரு தையற்காரர் மறுநாள் பிணமாக வந்தபோது அவள்தான் துடைத்துப் போர்த்தி அனுப்பினாள்; விட்டுப்போன நோயும் சிரிப்போடு சேர்ந்து உள்ளே வந்திருந்தது. அதனால் பஸ் டிரைவரான அவள் கணவன் நுரையீரலில் நீர் கோத்து அதே வார்டில் படுத்தபோது, கோமாளியை அந்தக் கட்டில் பக்கமே அவள் அண்டவிடவில்லை. பழைய எஞ்சின் கிளம்புவதுபோல இழுத்து இழுத்துப் பிடிக்கும் கணவனின் சிரிப்பு. அவன் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான், கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். ஆனால் அவன் உதடு நீலம் பாய்ந்த அன்று, அவளே போய்க் கோமாளியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம்மா. சிரிக்காம நான் என்ன பண்ணப்போறேன்?"

"உயிரோட இருப்பீங்க."

கோமாளி நாற்காலியை இழுத்தான். கணவன் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்தான். பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தேறி எழுந்து மறுபடி பஸ் ஓட்டினான். நல்ல மனிதனாகவே இருந்தான். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் வாய் திறப்பதில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் சாப்பிடும்போது தெருவில் கும்பல் கடந்தது. அதிலிருந்து ஒரு சிரிப்பு பிரிந்து, படியேறி வந்து, கதவில் மோதியது. அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அது என்னோடதுதானே?"

"பக்கத்து வீட்டுக்காரரோடது. வீடு மாறி வந்திருக்கும்," என்றாள். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் தலையாட்டினான். நம்பினானா என்பது அவளுக்குத் தெரியாது.

அது தினமும் வந்தது, மழையிலும் வந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் அவள் சமையலறைக் கதவு வழியாக வெளியேறி, சுற்றிவந்து, மூடிய முன்கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்தாள். அன்று வார்டில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள். பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. எதிர்வீட்டு அம்மாவும் தன் மகனுடைய சிரிப்போடு அப்படித்தான் வெளியே உட்கார்ந்திருந்தாள். கடைசி வீட்டில் ஒரு கிழவர். வருஷங்கள் ஓடின. இருட்டத் தொடங்கும் நேரத்தில் அந்தத் தெருவில் போகிறவர்கள் படியில் இருப்பவர்களின் காலை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

கணவன் உள்ளே கதவோடு ஒட்டி நிற்பது அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாள் அவன் பக்கம்தான். மரத்தின் இடுக்கு வழியே அவன் மூச்சு அவள் முதுகில் படும். சீரான, நோயில்லாத மூச்சு.