அத்தான் அளவுக்கு

எங்கள் லேபில் சம்பளத்தைப் பற்றி மட்டும் யாரும் உண்மை பேச மாட்டார்கள். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக் கட்டுப்பல் செய்து கொடுக்கும் இடம் அது. சம்பள நாளில் முதலாளி ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கவரைக் கொடுப்பார். வெளியே வந்ததும் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம். நானும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன். ஊரே கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்தும் என் அக்கா புருஷன் சொன்னதை மட்டும் வேதவாக்காக நம்பினேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அத்தான்தான் என்னை இங்கே சேர்த்துவிட்டார். அவருடைய மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது. இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். பல்லின் மேல் பீங்கான் பூசி, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்ச காலமாக அவர் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடுவதில்லை. மஞ்சளடிக்கிறது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்புவதை நான் வாயைத் திறக்காமல் சரிசெய்து வைத்துவிடுவேன். அப்படியும் அவருக்கு என்னைப்போல் இரண்டு பங்கு சம்பளம் என்றுதான் வீட்டில் பேச்சு.

வீடு என்றால் அக்கா வீடு. என்னைக் கட்டியவன் எங்கே போனான் என்ற கதை இங்கே வேண்டாம், அவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே அதிகம். நானும் மகளும் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். அவள் புத்தகத்தை எடுத்தால் அத்தான் டிவியைப் போடுவார். அடுப்படிக்குப் போனால் அக்கா பாத்திரத்தை உருட்டுவாள். செலவுக்கு மாதாமாதம் என் பங்கைக் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் அந்த வீட்டில் சுற்றுகிற ஃபேன்கூட அத்தான் புண்ணியத்தில்தான் சுற்றுகிறது. அவர் சம்பளத்தில் மிச்சமெல்லாம் நிலத்துக்குத் தவணையாகப் போகிறதாம். அந்த நிலத்தில் அக்கா ஏற்கெனவே மாடிவரை எழுப்பிவிட்டாள், வாயாலேயே.

லேபுக்குப் பின்தெருவில் ஓர் அறை வாடகைக்கு வந்தது. மாடியில் ஒற்றை அறை, தனிக் குழாய், ஜன்னலோரம் ஒரு மேஜை போடுமளவு இடம். மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் ஜன்னலோரம் போய்க் கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, கதவை உள்பக்கமாகத் தாழ்போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்றாள் வீட்டுக்காரம்மா. நான் வாங்குகிற சம்பளத்தில் அந்த வாடகை கட்டுப்படியாகாது. முதலாளியிடம் கேட்டே ஆகவேண்டும்.

கேட்கப் போகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் பூசிக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தார்.

"இப்ப எதுக்கு? ஆள் நல்ல மூடுல இல்ல."

"என்னைக்கு நல்ல மூடுல இருந்தார்?"

"சரி, கேக்கறதுன்னா தொகையைச் சொல்லிடாத. சொன்னா அதுல பாதிக்குப் பேசுவார். நான்லாம் நேக்கா பேசித்தான் வாங்கினேன். எல்லாருக்கும் அது வராது."

தொகையைச் சொல்லக் கூடாது. சரி, சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன கேட்பது என்று யோசித்தபடியே உள்ளே போனேன். பதில் என் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்திருந்ததாக அப்போது நினைத்தேன்.

முதலாளி முன்பல் தெரியச் சிரித்தார். அந்தப் பல்லை அவருக்குச் செய்துகொடுத்தது நான்தான்.

"என்னம்மா, சொல்லுங்க."

"சம்பளத்தைக் கொஞ்சம் பாத்துப் போடணும் சார்."

"எவ்ளோ எதிர்பாக்கறீங்க?"

"தொகைன்னு ஒண்ணும் இல்ல சார். அத்தான் செய்யற வேலையைத்தான் நானும் செய்யறேன். அவருக்குக் குடுக்கறதையே எனக்கும் குடுங்க, போதும்."

எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. முதலாளி எழுந்துபோய், சாத்தியிருந்த கதவை இன்னொரு தடவை அழுத்திவிட்டு வந்தார்.

"அவருக்கு என்ன குடுக்கறேன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். அக்கா சொல்லுகிற தொகையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவ்ளோ குடுத்தா நான் கடையை மூடிட்டு உங்க அத்தான்கிட்ட வேலைக்குச் சேந்துடலாம். உங்களுக்குக் குடுக்கறதைவிட அவருக்குக் குறைச்சல்மா. வேலை கம்மியானப்ப ஒரு ஆளை நிறுத்தலாம்னு இருந்தேன். சம்பளத்தைக் குறைச்சுக்கோங்க, நிறுத்திடாதீங்கன்னார். வீட்டுக்கு மட்டும் தெரியவேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டார். பாவமா இருந்துச்சு."

நிலம், தவணை, அக்காவின் மாடி எல்லாம் ஒரே நொடியில் இடிந்து விழுந்தது.

"அவரை விடுங்க சார். என் வேலைக்குத் தகுந்த மாதிரி..."

"அவரை வெச்சுத்தானே நீங்களே ஆரம்பிச்சீங்க. அவருக்கு மேல ஏற்கெனவே உங்களுக்குக் குடுக்கறேன். இன்னும் ஏத்தினா அந்த மனுஷன் மனசு கஷ்டப்படாதா? ஒரே குடும்பம் வேற."

நான் எழுந்தேன். அவர் கையமர்த்தினார்.

"ஒண்ணு செய்யலாம். அவர் செய்யறதுல பாதி திரும்பி வருது. அதையும் நீங்கதான் சரிபண்றீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ரெண்டு மேஜையையும் நீங்களே பாத்துக்கோங்க. அவரை நிறுத்திட்டு, அவர் சம்பளத்துல பாதியை உங்களுக்குச் சேத்துடறேன்."

பாதி போதும். வாடகை கட்டிவிடலாம். சரி என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. மகள் தாழ்போட்டுப் பார்த்த கதவு கண்முன் நின்றது. கூடவே, அந்த மனிதர் இதே அறையில் கைகூப்பி நின்றதும் வந்து தொலைத்தது. பார்க்காத காட்சிக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வேண்டாம் சார்."

"உங்க இஷ்டம்."

என் மேஜைக்குத் திரும்பினேன். அத்தான் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"என்ன சொன்னார்?"

"உங்களுக்குக் குடுக்கறதையே எனக்கும் குடுங்கன்னு கேட்டேன்."

தூரிகை நின்றது.

"அப்படியா கேட்ட?"

"ஆமா. அப்படித்தான் கேட்டேன்."

அவர் காது சிவந்திருந்தது. டீ குடிக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு போன் செய்து, அறையை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள் என்றேன். மத்தியானம் திரும்பி வந்த இரண்டு பற்களை அத்தான் என் பக்கம் நகர்த்திவைத்தார். எடுத்துச் சரிசெய்தேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா விஷயத்தைக் கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன்.

"உனக்குப் பேசத் தெரியல. அத்தான் மாதிரி நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சிருந்தா சும்மாவா விட்டிருப்பார்?" என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்களாவது சொல்லிக்குடுக்கக் கூடாதா?"

இப்போதாவது வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அத்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னேன். சொன்னா கேக்கணுமே. முதலாளிங்ககிட்ட தன்னைப் பத்திப் பேசணும், அடுத்தவன் சம்பளத்தைப் பத்திப் பேசக் கூடாது."

அடுப்படியில் மகள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அறை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவே இல்லை.

"சம்பளம் ஏறுதோ இல்லையோ, விலைவாசி ஏறுது" என்றாள் அக்கா. "தப்பா நினைக்காதடி. அடுத்த மாசத்துல இருந்து செலவுக்கு நீ கொஞ்சம் சேத்துக் குடு. நிலத்துக்கும் கட்டி, இத்தனை பேரையும் இவர் ஒருத்தரே எப்படித் தாங்குவார்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"குடுக்கறேன்க்கா" என்றேன்.