உதறிய தூசு

மூன்றாவது தடவையாக என் மனைவியின் நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தி, குழாய் வழியாக ஒரு பாட்டிலில் இறக்கினார்கள். ஆறிப்போன தேநீர் நிறத்தில் அது சொட்டிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. நின்றால் கை சட்டைப் பொத்தானைத் திருகியது.

"ஏங்க, ஒரு எடத்துல நில்லுங்க. உங்களப் பாத்தே எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு இழுத்தாள். அந்த நிலைமையிலும் கிண்டல் போகவில்லை.

காசநோய் என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள். சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம், நீர் ஊறுவது நிற்கவில்லை. எனக்கு டாக்டர்கள் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. படித்தவன் தப்புச் செய்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவான்.

அன்று புதிதாக ஒரு நுரையீரல் டாக்டர் வந்தார். பெண், என் மகளைவிடச் சின்ன வயது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தாளை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"அம்மா, சிகரெட் புடிச்சிருக்கீங்களா?"

"அந்தக் கொடுப்பினை இல்ல."

"மில்லு, குவாரி, எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களா?"

"வீட்டு வேலைதாம்மா. நாப்பத்தி ரெண்டு வருஷம். ஒரு நாள் லீவு கெடையாது."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாத்தீங்க ஐயா?"

"லாரிப் பட்டறை."

"பட்டறைல என்ன வேலை?"

"எல்லா வேலையும்தான்."

அது பொய். முப்பது வருடம் நான் பார்த்தது ஒரே வேலை, பிரேக். டாக்டர் 'மெக்கானிக்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என்னால் அறைக்குள் இருக்க முடியவில்லை.

படியிறங்கிக் கீழே போனேன். மறுபடி ஏறினேன். லாரிச் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினால், உள்ளே பிரேக் பிடிக்கிற லைனிங் தேய்ந்து மாவு மாதிரி படிந்திருக்கும். காற்றுக் குழாயை வைத்து ஒரு ஊது ஊதுவோம். பட்டறையே புகைமூட்டமாகிவிடும். புது லைனிங்கை ரிவெட் அடித்து, டிரம்முக்குப் பொருந்தும்வரை அரைப்போம். அதிலும் தூசுதான். லைனிங்கில் இருந்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்று எங்களுக்குத் தெரியும். நெருப்பில் வேகாத சாமான் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

எங்களோடு ரிவெட் அடித்த 'கட்டையன்' நெஞ்சு இறுகிச் செத்தபோது, பிரேக் தூசுதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை. அவனைவிட நான் அதிகம் தின்றிருக்கிறேன். எழுபத்தொரு வயதில் இதோ மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். அப்படியே அந்தத் தூசுதான் என்றாலும், வேலை பார்த்தவனுக்கு வர வேண்டியது வீட்டிலிருந்தவளுக்கு எப்படி வரும்?

எப்படி என்று எனக்குத் தெரியும். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டறையிலேயே உடுப்பு மாற்றிக்கொள்வார்கள். நான் பட்டறை உடுப்போடுதான் வீட்டுக்கு நடப்பேன். தெருவில் நாலு பேர் பார்த்து, பிரேக்குக்காரர் போகிறார் என்று சொல்ல வேண்டும். அந்தத் திமிர் எனக்கு. வீட்டுக்குப் போய்க் கழற்றிப் போட்டால், அவள் அதைப் பின்பக்கம் கொண்டுபோய், சுவரில் நாலு அடி அடித்து, முகத்துக்கு நேராக உதறி, அப்புறம்தான் தண்ணீரில் போடுவாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது வருடம்.

கீழே மருந்து வாங்கும் வரிசையில் என் மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"போன வருஷமே அம்மா இருமிக்கிட்டு இருந்தாங்க. ஃபோன்ல கேட்டேன். சளின்னாங்க, நானும் விட்டுட்டேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. எல்லாம் என்னாலதாம்ப்பா."

"உன்னால ஒண்ணுமில்ல" என்றேன். செய்தவன் நான் நிற்கிறேன், பழியை அவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

டாக்டரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை.

"எல்லா வேலையும்னு சொன்னேன்ல, அது பொய். பிரேக் லைனிங் மட்டும்தான். கல்நார். அந்த உடுப்ப அவதான் உதறித் துவைச்சா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தனை வருஷம் ஐயா?"

சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்தத் தூசின் நார் கண்ணுக்குத் தெரியாதாம். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் போய்க் குத்திக்கொண்டு, முப்பது நாற்பது வருடம் சும்மா கிடக்குமாம். அப்புறம் அங்கே புற்று கிளம்பலாமாம். எடுத்த நீரில் அது பல நேரம் அகப்படாது. விலா எலும்புக்கு நடுவே சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, சவ்வில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"கத்தி பட்டா பரவிடும்பாங்களே."

"பரவறதா இருந்தா அது எங்க கத்திக்காகக் காத்துக்கிட்டு இருக்காது ஐயா."

"எனக்கு வராம ஏன் அவளுக்கு?"

"அது யாருக்கும் சொல்லத் தெரியாது. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"நீங்க அங்க ஊதி, நான் இங்க உதறி" என்றாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"தெரியாது. சந்தேகந்தான்."

"ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம சந்தேகப்படுவீங்க. பால்காரன், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரன். உங்கள மட்டும் எப்படி விட்டீங்க?"

அவள் மூச்சு இழுத்தாள். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் வலு இல்லை, ஆனால் நகம் பதிந்தது.

"கால்சட்டைக்கு அந்தப் பக்கம் புடிச்சு உதறினது யாரு? புள்ளதானே! ஸ்கூல் விட்டு வந்ததும் ஓடி வருவாளே. என்னை அப்புறம் பாருங்க. அவகிட்ட இன்னிக்கே சொல்லுங்க. நீங்கதான் சொல்லணும்."

டாக்டரிடம் மறுபடி ஓடினேன். எல்லாருக்கும் வருவதில்லை, சிலருக்குத்தான் வரும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மகள் எந்த டாக்டரிடம் போனாலும், இருமல் மூச்சு வாங்கல் என்று வந்தால், இந்தத் தூசைப் பற்றி முதலில் சொல்ல வேண்டுமாம்.

மகள் மருந்தோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். படியிலேயே நிறுத்திச் சொன்னேன். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் சுவரில் சாய்ந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை.

"அப்ப என்னால இல்ல."

"இல்லம்மா."

"இத கீழ வரிசையிலயே சொல்றதுக்கு என்னப்பா?" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "உங்ககிட்ட இப்போ பேசுற மாதிரி இல்ல நான். பட்டறைல எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

"அப்ப பதினோரு வீடு."

அவள் மேலே அம்மாவிடம் போய்விட்டாள். டாக்டர் சொன்ன சோதனைக்கு மகளே கையெழுத்துப் போட்டாளாம். பத்து நாளில் முடிவு வந்தது. அதே புற்றுதான். வேரோடு எடுக்க முடியாது, மருந்து ஏற்றி அடக்கி வைக்கலாம், நீர் ஊறாமல் சவ்வை ஒட்ட வைக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று என் மனைவியே கேட்டாள். மாதக்கணக்கா, வருடக்கணக்கா என்று மருந்து போனபிறகுதான் தெரியும் என்றார். "பொய் சொல்லாத டாக்டர் ஒண்ணு கெடைச்சிருச்சு" என்றாள் அவள். முதல் மருந்து ஏறும்போது அவள் தூங்கிப்போனாள். மகள் பக்கத்தில் இருந்தாள்.

நான் தாழ்வாரத்துக்கு வந்து பழைய கூட்டாளி ஒருவனுக்கு ஃபோன் போட்டேன். அரைக்கிற மெஷினில் நின்றவன், என்னைப் பார்த்து அவனும் உடுப்போடு வீட்டுக்குப் போகப் பழகியவன். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

"டேய் கெழட்டுப் பயலே, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்று சிரித்தான்.

"இருக்கேன். ஃபோன உன் பொண்டாட்டிகிட்டக் குடு."

"ஏண்டா, என்கிட்டப் பேச மாட்டியா?"

"உன்கிட்ட அப்புறம். பட்டறை உடுப்ப உன் வீட்ல யாருடா துவைச்சது?"

சிரிப்பு நின்றது. பிறகு, தூரத்தில், அவன் அவளைக் கூப்பிடுவது கேட்டது.