குழாய் மூடியில் ஒரு லென்ஸ்

தயாளனுக்குப் பயம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. எதையாவது அறுப்பான், துளை போடுவான். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் வேறென்ன செய்வான்? இந்தத் தடவை பயம் அவன் மனைவி கோகிலவாணியின் முதுகில் இருந்தது.

இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம். கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்ப்பதுதான். ஒருநாள் அது பெரிதாகிவிட்ட மாதிரி தோன்றியது. அவ்வளவுதான், போச்சு. சோறு இறங்கவில்லை. கேன்சர் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவும் தைரியமில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் அவள், "மச்சத்தைக் காட்ட யாராவது போவாங்களா? மானம் போவுது, ஆளை விடுங்க" என்றாள். முதுகில் இருப்பது அவள் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

படம் எடுத்துக் காட்டினால் நம்புவாள். ஆனால் போனைக் கிட்டே கொண்டுபோனால் எல்லாம் மங்கல். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் ஒன்றை வாங்கிவந்தான். துணி கிளிப்பில் ஒட்டிப் போனில் மாட்டிப் பார்த்தான். மூச்சு விட்டாலே நகர்ந்தது. பிறகு பிவிசி குழாய் மூடியில் துளை போட்டு லென்ஸை அதில் உட்காரவைத்து, மூடியைப் போனின் பின்கவரில் எம்-சீல் பசை வைத்து ஒட்டினான். அந்தப் போனுக்கோ மூன்று கேமரா. கிட்டே போனதும் சனியன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவியது. செட்டிங்கில் தேடித் தேடி அதை அடக்கினான்.

எப்போது எடுத்தாலும் ஒரே தூரம் இருந்தால்தானே, வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்? மூடிக்கு முன்னால் ஒரு துண்டுக் குழாயைச் செருகினான். அதன் விளிம்பைத் தோலில் வைத்து எடுக்க வேண்டியதுதான். வெளிச்சம் வர, பக்கவாட்டில் ஒரு ஜன்னல் அறுத்தான்.

சோதித்துப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கோகிலாவைக் கூப்பிட்டால் கத்துவாள். கடையிலேயே உட்கார்ந்து, தன் காலைத் தூக்கி மடியில் வைத்து, குதிகாலில் இருந்த கறுப்பின் மேல் குழாயை வைத்தான். செருப்பு கடித்த கறை, ரொம்ப நாளாக இருப்பது. அதன் கோணல்மாணலான ஓரம்கூடப் பளிச்சென்று விழுந்தது. "அப்பாடா, செட்டாயிடுச்சு" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். அன்று ராத்திரியே கோகிலாவைக் கெஞ்சி, அவள் மச்சத்தை முதல் படம் எடுத்துவைத்தான்.

அடுத்த மாதம் எடுத்த படத்தில் கோகிலாவின் மச்சம் நிஜமாகவே பெரிதாக இருந்தது. இரண்டு படங்களையும் அவளிடம் நீட்டினான். அவள் படத்தைப் பார்க்கவில்லை, கலங்கிய அவன் கண்ணைப் பார்த்தாள்.

"சரி, அழுவாதீங்க. போலாம்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் தோல் டாக்டர் வினிதா. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். டாக்டர் முதுகையும், தயாளன் போனில் காட்டிய இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். தயாளன் கும்பிடாத சாமி பாக்கியில்லை.

"சாதாரண மச்சம்தான்மா. ரெண்டாவது தடவை நீங்க குழாயை அழுத்தி வெச்சிருக்கீங்க சார், அதான் தோல் பரவி பெருசா தெரியுது."

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கோகிலா முறைத்த முறைப்புகூட இனித்தது.

"நீங்களே செஞ்சதா? சூப்பரா இருக்கே" என்று டாக்டர் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது யாரோடது?"

"அது சும்மா டெஸ்ட்டுக்கு எடுத்தது மேடம். என் குதிகால்தான். செருப்பு கடிச்சது."

"கொஞ்சம் இப்படி வந்து படுங்க சார்."

டாக்டர் தன் கருவியை அவன் குதிகாலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். தள்ளிப்போடாதீங்க, நாளைக்கே வந்துடுங்க."

கோகிலாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கட்டிலருகே வந்து, அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என் முதுகையே பாத்துகினு இருந்தியே" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியதே இல்லை. "உன் காலை நான் பாக்கலையே."

தயாளனுக்குக் கை பரபரத்தது. அறுக்கவும் துளை போடவும் அங்கே எதுவும் இல்லை. அவள் அவன் பாதத்தை விடவேயில்லை.